ஆற்றில் குளிப்பாட்டிய வண்டி

பழைய வண்டி வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பிரசவம் பார்ப்பதைப் பற்றித்தான் எழுதச் சொல்லி இப்போதைய மேட்ரன் கேட்டார். அதற்கு நல்ல நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. வண்டியைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரர் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. நம் ஆஸ்பத்திரிக்குப் பழைய மோட்டார் வான் ஒன்று வாங்கப் பேச்சு நடக்கிறது, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து காட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

1. கொக்கிரகுளத்துக் கரையில்

முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்திய கதை இது. அப்போது நான் பாளையங்கோட்டையில் நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் இருந்தேன். எங்கள் டாக்டரம்மா இங்கிலாந்துக்காரர். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை. மருந்துப் பெட்டி, பிரசவச் சாமான், படுக்கை எல்லாவற்றையும் ஒரு கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அந்த வண்டியிலேயே தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார். இதற்குக் காம்ப் என்று பெயர். ஆசாரியிடம் புதிதாகச் செய்யக் கொடுத்தால் வருஷக்கணக்கில் இழுப்பார் என்று பழைய வண்டியாகத் தேடினோம்.

மேலப்பாளையத்தில் மைதீன் சாயபு என்று ஒரு ஜவுளி வியாபாரி. சந்தை சந்தையாகப் போய், வண்டியிலேயே கடை விரித்து, வண்டியிலேயே படுத்து எழுந்தவர். கண் மங்கிவிட்டதால் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தார். அதைப் பார்க்க மூன்று பேர் போனோம். ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசகாயம் ஒருவர். வண்டி ஓட்டுவதற்கென்று புதிதாகச் சேர்ந்திருந்த ஆழ்வார்குறிச்சி சுப்பையா ஒருவர். அதற்குள் படுத்துத் தூங்கப் போகிறவள் என்பதால் நான்.

ஆற்றுப் பக்கத்து மனிதர்களிடம் அப்போது ஒரு மரியாதை இருந்தது. வண்டியைக் கைமாற்றுகிறவர் முந்தின நாளே அதை ஆற்றில் இறக்கி, சக்கரம் நனைய நிறுத்தி, தேய்த்துக் குளிப்பாட்டித்தான் கொடுப்பார். அழுக்கு வண்டியைக் கொடுத்தால் வாங்குகிறவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். இதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. நாங்கள் போனபோது வண்டி கொக்கிரகுளத்தில் ஆற்றிலிருந்து அப்போதுதான் கரையேறி, சொட்டச் சொட்ட நின்றது.

"என்ன அண்ணாச்சி, புதுமாப்பிள்ள கணக்கா நிக்குதே உம்ம வண்டி" என்றார் ரைட்டர்.

"நேத்து சாயந்தரமே ஆத்துல இறக்கிட்டேன்வே. ஒருத்தருக்குக் குடுக்கத சுத்தமாக் குடுக்கணும்லா?" என்றார் சாயபு.

ரைட்டர் எதையும் லேசில் நம்பாதவர். கூண்டின் மேல் தண்ணீரைக் கொட்டச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து ஒழுகுகிறதா என்று பார்த்தார். அடிப்பலகையைக் குச்சியால் குத்திக் குத்திச் செல்லரித்திருக்கிறதா என்று பார்த்தார். நுகத்தடியைத் தூக்கிப் பார்த்து மூச்சு வாங்கினார். நான் பலகை இடுக்குகளில் ஊசியை விட்டு மூட்டைப்பூச்சி தேடினேன். ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, பேதி கண்டவங்க, அம்மை கண்டவங்க யாரும் இதுல படுத்திருக்காங்களா?"

சாயபு கூண்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "சீக்காளி யாரும் இல்ல தாயி. எங்க உம்மா மவுத்தானது இந்த வண்டிக்குள்ளதான். பொட்டல்புதூர் போயிட்டு வார வழியில. வயசாயிப் போச்சு, வேற ஒண்ணுமில்ல. மறைச்சுக் குடுக்கப்பிடாதுன்னு சொல்லுதேன்."

ரைட்டர் முகம் சுருங்கிவிட்டது. சாவு விழாத வீடு எது என்று நான் அவரைச் சமாதானம் செய்தேன். உண்மையில் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்கு அந்த வண்டி பிடித்தது.

சுப்பையா சக்கரத்தைப் பார்த்தார். கடையாணியைக் கழற்றி அச்சின் தேய்மானத்தைத் தடவிப் பார்த்தார். ஆரக்கால் ஒவ்வொன்றையும் பிடித்து உலுக்கினார். ஒன்றும் அசையவில்லை. சக்கரத்தைச் சுற்றிப் போட்டிருந்த இரும்புப் பட்டையைக் கல்லால் தட்டினார். கணீரென்று சத்தம் வந்தது.

"கல்லு மாதிரி இருக்கு ரைட்டரையா. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார்.

அவர் கைக்கு அப்படித்தான் தெரிந்தது. அதில் பொய் இல்லை. வாங்கி வந்து பினாயில் போட்டுக் கழுவி, மருந்து அடுக்குகள் அடித்து, வெள்ளைத் திரை தைத்துப் போட்டோம்.

2. வாய்க்கால் பக்கத்தில் ஓடிய காலம்

முதல் காம்ப் எல்லாம் ஆற்றை ஒட்டியே இருந்தது. சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி என்று வயலும் வாழையுமாகப் போனோம். எங்கே திரும்பினாலும் ஒரு வாய்க்கால் ஓடும். உச்சி வெயிலில் சுப்பையா மாட்டை அவிழ்க்காமலே வண்டியோடு தண்ணீரில் இறக்கிவிடுவார். மாடு குடிக்கும், சக்கரம் நனையும், அவர் வெற்றிலை போடுவார். இதை அவர் ஒரு வேலையாக நினைத்ததே இல்லை. அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் ஓட்டினார்கள். மழைக்காலம் முடிந்து தை மாதம் போய் மாசியும் போனது. அந்த வண்டியால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. மரச்சக்கரம் தண்ணீரில் ஊறினால் உப்பி இறுகும், காய்ந்தால் சுருங்கித் தளரும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. தினமும் ஊறுகிற சக்கரத்தைப் பற்றி யார் அதை நினைக்கப் போகிறார்கள்?

3. சுயம்பு சொன்ன பதில்

பங்குனியில் டாக்டரம்மா எங்களைத் தேரிக்காட்டுக்கு அனுப்பினார். உடன்குடிக்குத் தெற்கே செம்மண் மணலும் பனையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத பூமி. பதநீர்க் காலம் என்பதால் குடும்பம் குடும்பமாகப் பனங்காட்டிலேயே கருப்பட்டி காய்ச்சிக்கொண்டு கிடப்பார்கள். பிரசவம் பார்க்க ஆள் இல்லை என்று அங்கிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டரம்மா சாத்தான்குளத்தில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கிக்கொண்டார். நானும் சுப்பையாவும் வண்டியோடு உள்ளே ஒரு சிற்றூரில் போய் இறங்கினோம்.

போன சில நாட்களிலேயே சுப்பையா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நர்ஸம்மா, சக்கரம் பேச ஆரம்பிச்சிட்டு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல என் விரலு போவுது, பாருங்க. ஆரக்கால்லாம் உள்ளுக்குள்ள பழைய தேய்மானம். இத்தன நாளும் தண்ணிதான் இறுக்கிப் பிடிச்சிருக்கு."

"இப்ப என்ன செய்யணும்?"

"உடன்குடிக் கொல்லரு பட்டையச் சுருக்கிப் போட்டுருவாரு. ஆனா அவரு மக வீட்டுக்குப் போயிருக்காராம், வர நாளாவும்ங்காவ. அதுவரைக்கும் தெனம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தி, ஈரச்சாக்கு சுத்தி வச்சாத் தாங்கும்."

அந்த ஊருக்கு ஒரே ஒரு ஊற்று. மணலில் ஆழமாகத் தோண்டிய பள்ளம். பெண்கள் உள்ளே இறங்கி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை உண்டு. அந்த முறையைக் காத்தவர் சுயம்பு என்ற பனையேறி. தம் வீட்டுக்கு ஒரு குடம் அதிகமாக எடுத்தார் என்று எவரும் சொல்ல முடியாதபடி காத்தவர். சுப்பையா அவரிடம் போய்க் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணாச்சி, சக்கரத்துக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்."

"எதுக்கு?"

"வண்டிச் சக்கரத்துக்கு. காஞ்சு போச்சு."

சுயம்பு கோபப்படவில்லை. "மாடு குடிக்கட்டும், தாரேன். நீரும் நர்ஸம்மாவும் குடிங்க, எங்க வீட்டு முறையிலேர்ந்து தாரேன். கட்டைக்கு ஊத்தவாவே தண்ணி கேக்கீரு? அங்கன பாரும்."

பள்ளத்துக்குள் அவருடைய தம்பி இசக்கிமுத்துவின் மனைவி முத்துக்கனி உட்கார்ந்து மொண்டுகொண்டிருந்தாள். தலைப்பிரசவம், மாதம் நிறைந்த வயிறு. குடம் தூக்காதே என்று அவளுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். "நான் தூக்கலன்னா யாரு தூக்குவா நர்ஸம்மா?" என்று சிரிப்பாள். அவள் சிரட்டையில் வந்தது பாதித் தண்ணீர், பாதி மணல். சுப்பையா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

"அவரு இடத்துல நான் இருந்தா நானும் குடுத்திருக்க மாட்டேன்" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. பனஞ்சிராயைச் செதுக்கிப் பட்டையின் இடுக்கில் ஆப்பாக அடித்தார். நான் கை கழுவின தண்ணீர், கருவி கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் நனைவதற்குள் மறு பக்கம் காய்ந்தது. அந்த வெயில் அப்படி.

4. கப்பி ரோட்டில்

கொல்லர் வருவதற்கு முன் முத்துக்கனிக்கு வலி கண்டுவிட்டது. விடிந்து நான் போய்ப் பார்த்தபோது பனிக்குடம் உடைந்து, குழந்தையின் கை வெளியே வந்திருந்தது. குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. நர்ஸ் வேலை படிக்கிற பெண்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மயக்கம் கொடுத்து, டாக்டர்தான் குழந்தையைத் திருப்பி எடுக்க வேண்டும். நாம் இழுத்தால் தாய் போய்விடுவாள். விட்டு வைத்தாலும் போய்விடுவாள்.

இசக்கிமுத்துவை டாக்டரம்மாவிடம் முன்னால் ஓடச் சொன்னேன். டாக்டரம்மா புறப்பட்டு எதிரே வரட்டும், நாமும் வண்டியில் போவோம், வழியில் எங்கே சந்தித்தாலும் அவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். முத்துக்கனியை வண்டிக்குள் படுக்க வைத்தோம். சுயம்புவும் உறவுக்காரர் இரண்டு பேரும் கூடவே நடந்தார்கள்.

"சுப்பையா, தாங்குமா?" என்று கேட்டேன்.

"மணல்ல தாங்கும். ரோட்டுல பைய ஓட்டுதேன்" என்றார்.

சொன்ன மாதிரியே மணலில் தாங்கியது. சாத்தான்குளம் போகிற கப்பி ரோட்டில் ஏறியதும் ஜல்லி ஒவ்வொன்றிலும் சக்கரம் இடித்தது. ஆப்புகள் ஒன்றொன்றாகத் தெறித்து விழுந்தன. சுப்பையா மாட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி நடந்தார். கொஞ்ச தூரத்தில் இடது சக்கரத்தின் பட்டை கழன்று, தனியாக ஓடிப்போய் ஓரத்தில் விழுந்தது. அடுத்த சுற்றில் சக்கரத்தின் வெளிவட்டக் கட்டைகள் பிரிந்தன, ஆரக்கால்கள் நடுக்கட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டன, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. முத்துக்கனி உருண்டு விழாமல் நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

மருந்து அடுக்கின் நீளப் பலகையைப் பெயர்த்து, அதில் அவளைக் கிடத்தி, நான்கு ஆண்களும் தோளில் தூக்கினார்கள். நான் அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடினேன். பொழுது நெற்றிக்கு நேரே நின்றது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அவள் கத்திய கத்தலை நான் எழுதப் போவதில்லை. பிறகு சட்டென்று கத்தல் நின்றது.

"இப்ப வலி இல்ல நர்ஸம்மா. நல்லாருக்கு" என்றாள்.

தூக்கிக்கொண்டு போனவர்கள் ஆறுதலாக மூச்சு விட்டார்கள். நான் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். கர்ப்பப்பை கிழிந்தால் அப்படித்தான் வலி நிற்கும். நாடி என் விரலுக்கு அடியில் மெலிந்துகொண்டே போனது. தண்ணீர் கேட்டாள். சுயம்புவின் இடுப்பில் ஒரு சுரைக்குடுவை இருந்தது. அதிலிருந்து ஒரு மடக்கு அவள் வாயில் விட்டோம். பாதி வெளியே வழிந்தது. அந்த இடத்திலேயே அவள் போய்விட்டாள். குழந்தையும் உள்ளேயே போய்விட்டது.

டாக்டரம்மாவின் குதிரை வண்டி வந்தபோது நாங்கள் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம். இசக்கிமுத்து வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தார். பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்திலிருந்த மணலைத் துடைத்தார்.

நான் டாக்டரம்மாவைத் தனியே அழைத்துப்போய்க் கேட்டேன். வண்டி உடையாமல் நேரே வந்து உங்களைச் சந்தித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "பிழைத்திருப்பாள்" என்றார். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சுயம்பு நடந்து திரும்பிப்போய், உடைந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். சிதறிக் கிடந்த ஆரக்கால் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு குடம் ஊத்தியிருந்தா நின்னுருக்குமாவே?" என்று சுப்பையாவைக் கேட்டார்.

"சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றார் சுப்பையா. அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

5. யாரைத் திட்டுவது

பாளையங்கோட்டைக்கு வந்ததும் ரைட்டர் குதித்தார். "அந்த சாயபு நம்மள நல்லா ஏமாத்திட்டாரு. கேக்காம விடப் போறதில்ல" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனார். சாயபு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"அல்லா அறிய நான் ஒண்ணையும் மறைக்கல தாயி. பாவநாசத்துக்கும் சீவைகுண்டத்துக்கும் நடுவுல ஆத்தோரமாவே ஓடுன வண்டி அது. தேரிக்காட்டுக்கு நான் போனதே கிடையாது. கழுவாம அழுக்கு வண்டியவா குடுப்பேன்?"

ரைட்டர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாராவது திருட்டுத்தனம் செய்திருந்தால் திட்டியாவது மனசை ஆற்றியிருக்கலாம். சாயபு மரியாதையாகக் கழுவிக் கொடுத்தார். சுப்பையா நேர்மையாகத் தட்டிப் பார்த்தார். சுயம்பு ஊர்த் தண்ணீரை நியாயமாகக் காத்தார். ஒருவரும் தப்புச் செய்யவில்லை, ஒருத்தி செத்துப்போனாள். இதை ஜீரணிக்க எனக்கு வெகு காலம் ஆயிற்று.

அடுத்த வண்டியை நான் முன்னால் நின்றுதான் வாங்கினேன். விற்க வந்தவர் வழக்கப்படி ஆற்றில் இறக்கப் போனார். இறக்கக் கூடாது என்று தடுத்துவிட்டேன். அழுக்கோடு எப்படிக் கொடுப்பேன் என்று அவருக்கு வருத்தம். இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரி முற்றத்தில் வெயிலில் நன்றாகக் காய நிறுத்தி வைத்து, மரத்திலிருந்த ஈரமெல்லாம் போன பிறகு சுப்பையாவைத் தட்டச் சொன்னேன். தளர்ந்த இடமெல்லாம் அப்போது தெரிந்தது. தெரிந்ததைச் சரி செய்து வாங்கினோம். இன்னொன்றும் கேட்டேன். இந்த வண்டி இதுவரை எந்தப் பக்கம் ஓடியது என்று. வான் வாங்கப் போகிறவர்களும் இதையே கேளுங்கள். விற்கிறவர் நல்லவரா என்று பார்ப்பது பெரிசில்லை. நல்லவர்தான் நன்றாகத் துடைத்து வைத்திருப்பார். அந்தத் துடைப்பின் பளபளப்புப் போன பிறகு பாருங்கள். நோயாளியை எங்கே ஏற்றப் போகிறீர்களோ அந்த ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்.

மறு வருஷம் பதநீர்க் காலத்தில் அந்த வண்டியோடு அதே ஊருக்குப் போனோம். போகவே எனக்குக் கால் வரவில்லை. சுப்பையா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சுயம்பு தோளில் ஒரு குடத்தோடு வந்தார். நேரே போய் இடது சக்கரத்தின் மேல் தண்ணீரைச் சாய்த்து, சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி ஊற்றினார். மணல் அதை அப்படியே குடித்தது.

"அண்ணாச்சி, இது காய வச்சுப் பாத்து வாங்குன வண்டி. இதுக்குத் தண்ணி வேண்டாம்" என்றேன்.

"இருக்கட்டும் தாயி" என்று சொல்லிவிட்டுப் போய், இன்னொரு குடத்தோடு திரும்பி வந்து வலது சக்கரத்துக்கும் ஊற்றினார். ஊற்றங்கரையில் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. அது அவர் வீட்டு முறைத் தண்ணீர். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.